ஒன்றரை சென்டிமீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று 112 கானாங்கெளுத்தி அளந்தேன். சராசரி 21.1 சென்டிமீட்டர். நேற்றும் 21.1. கடலில் எது மாறினாலும் என் அளவுப் பலகையில் ஒன்றும் மாறுவதில்லை. அரசு வேலைக்கு இதைவிட நல்ல மீன் கிடையாது.

மேலதிகாரி கூப்பிட்டு, இருபத்தாறாம் தேதி தணிக்கையாளர் வருகிறார் என்றார். எங்கள் துறைமுகத்து மீன் பாக்கெட்டில் ஒட்டும் பச்சை வில்லையைப் புதுப்பிக்க. 'கடலுக்குக் கேடின்றிப் பிடித்தது' என்று அதில் எழுதியிருக்கும். அலுவலகச் சுவரில் இருக்கும் 'மீன் திரும்பி வந்தது' சுவரொட்டியைத் துடைத்து வைக்கச் சொன்னார். அதில் பலகையில் மீனை அழுத்திப் பிடித்திருக்கும் கை என்னுடையது. மணிக்கட்டோடு வெட்டிவிட்டார்கள். கை மட்டும் பிரபலம்.

மார்ச் 5, வியாழன்

மழை. பதினெட்டுப் படகுகள். 21.2.

மார்ச் 7, சனி

கடைசியாக அளந்த மீனையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏட்டில் 21.2 என்று எழுதிய மீன். என் மனைவி புதிதாக ஒரு தட்டைச் சட்டி வாங்கியிருக்கிறாள். உட்புறம் சரியாக இருபது சென்டிமீட்டர் என்று அட்டையில் போட்டிருக்கிறது. மீன் அதில் நீட்டிப் படுத்து, மேலும் கொஞ்சம் இடம் விட்டது.

சட்டி பெரியது என்றேன். அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். எடுத்து மீனை அளந்தாள். பத்தொன்பதே முக்கால், அதுவும் தாராளமாகப் பார்த்தால்.

"உன் டேப் இழுபட்டுப் போச்சு" என்றேன்.

"என் டேப்புல தப்பிருந்தா ஊர்ல பாதிப் பேரு கையத் தூக்க முடியாதுங்க."

செத்த மீன் சுருங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். இருபத்தாறு வருடமாக நான் அளந்ததெல்லாம் செத்த மீன்தான் என்பது சொன்ன பிறகு நினைவுக்கு வந்தது.

மார்ச் 9, திங்கள்

யாரும் வருவதற்கு முன் பலகையில் ஓர் ஏ4 தாளை வைத்தேன். உலகம் முழுவதும் அதன் அகலம் இருபத்தொரு சென்டிமீட்டர். என் பலகையில் இருபத்திரண்டரை. வேறு கட்டிலிருந்து இன்னொரு தாள். இருபத்திரண்டரை. மேலதிகாரியின் மேசையிலிருந்து ஒன்று. அதுவும் அப்படியே. எங்கள் அலுவலகத்தில் தாள்கூட வளர்ந்திருக்கிறது.

பிறகு பலகையின் தலைப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு தலைக்கட்டை உண்டு. மீனின் மூக்கை அதில் முட்டவைத்து, வால் நுனி எந்தக் கோட்டில் விழுகிறதோ அதைப் படிப்பதுதான் என் வேலை. கட்டையின் உள்முகம் சுழியில் இருக்க வேண்டும். கட்டை ஸ்கேலின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதை அடுத்துக் கண்ணில் படும் முதல் எண் 2. எல்லா மீனும் ஒன்றரை சென்டிமீட்டர் முன்பணத்தோடு ஆரம்பிக்கிறது.

எப்போதிலிருந்து? பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். ஆறு வருடத்துக்கு முந்தையதில் இருக்கிறது, என் கையெழுத்தில்:

"ஆகஸ்ட் 12. பலகையின் தலைக்கட்டை கழன்று விழுந்தது. தச்சர் வந்தார். ஓரத்தில் ஒட்டினால் நிற்காது என்று உள்ளே தள்ளி ஸ்கேலோடு சேர்த்து மூன்று ஆணி அடித்துக் கொடுத்தார். இனி பூகம்பம் வந்தாலும் அசையாது. நல்ல வேலைக்காரர்."

நல்ல வேலைக்காரர்தான். அசையவே இல்லை.

அந்த வருடம் சராசரி 20.4 வரை இறங்கியிருந்தது. இருபதுக்குக் கீழே போனால் துறைமுகத்தை மீன் முட்டையிடும் நான்கு மாதங்களுக்கு மூட வேண்டும், வலைக்கண்ணைப் பெரிதாக்க வேண்டும் என்பது விதி. இருபதுக்குக் குறைந்த கானாங்கெளுத்தி ஒரு தடவைகூட முட்டையிட்டிருக்காது. அதைப் பிடிப்பது விதை நெல்லைச் சோறாக்குவது. மூடுவதற்கு ஆணை தட்டச்சாகி, கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஆகஸ்ட் கடைசியில் சராசரி 21.9 ஆனது. ஆணையைக் கிழித்தார்கள். அந்த மீட்சிக்கு மூன்று திட்டங்கள் உரிமை கொண்டாடின. தச்சர் மட்டும் கொண்டாடவில்லை.

இன்றைய உண்மையான சராசரி: 19.6.

மார்ச் 10, செவ்வாய்

சுவரொட்டியைத் துடைத்தேன். அதில் என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் தலைக்கட்டை. அதை ஒட்டி 2 என்ற எண், வண்ணத்தில், பெரிதாக. ஐந்து வருடமாக அதன் கீழே நின்று எல்லோரும் காப்பி குடிக்கிறோம்.

வாலைப் பார் என்று சொல்லிக் கொடுத்தார்கள், வாலைப் பார்த்தேன்.

மார்ச் 11, புதன்

மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் முட்டாள் அல்ல. கதவைச் சாத்தினார், கேட்டார், தாளைத் தானே வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"ஒருநாள் சரியா ஒருநாள் தப்பா இருந்தாத்தான் அது தப்பு. ஆறு வருஷமா ஒரே மாதிரி தப்பா இருந்தா அதுக்குப் பேரு முறை."

இருபத்தாறாம் தேதிவரை பலகையைத் தொடக் கூடாதாம். புதுப் பலகை வைத்தால் கடலில் உள்ள எல்லா மீனும் ஒரே இரவில் ஒன்றரை சென்டிமீட்டர் சுருங்கும். அதைத் தணிக்கையாளருக்கு யார் விளக்குவது? இதில் தர்க்கப் பிழை ஏதும் எனக்குத் தென்படவில்லை.

எழுத்தில் கொடுத்தேன். வாங்கி, பேப்பர் வெயிட்டுக்குக் கீழே வைத்தார். அந்தப் பேப்பர் வெயிட் கண்ணாடியில் செய்த மீன். அளக்க வேண்டும் போலிருந்தது.

மார்ச் 13, வெள்ளி

அளந்தேன். ஏட்டில் என்ன எழுதுவது? பலகை சொன்னதை எழுதிவிட்டு, பென்சிலால் ஓரத்தில் ஒன்றரை கழித்ததையும் எழுதினேன். பேனாவில் பொய், பென்சிலில் நிஜம். அழிப்பதற்கு வசதியானது எது என்பதைக் கை தானாகவே முடிவு செய்திருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

மச்சான் சாப்பிட வந்தார். மனைவியின் அண்ணன், சொந்தமாகப் படகு, கூட எட்டுப் பேர். ஞாயிறு மதியம் அவர் வராவிட்டால் வீட்டில் கடிகாரம் ஓடாது. சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் அதிர்ச்சி அடையாதபடி மெதுவாக விஷயத்தை எடுத்துச் சொன்னேன். அவர் பல்குத்திக்கொண்டே கேட்டார்.

"இது தெரிஞ்ச விஷயம்தானே மாப்ள."

எனக்கு விளங்கவில்லை.

"உங்க பலகை தாராளம்னு எல்லாருக்கும் தெரியும். அடுத்த துறைமுகத்துல பத்தொன்பதுன்னு கூடையோட திருப்பி அனுப்புறான். இங்க வந்தா அதே மீனு இருபதத் தாண்டிருது. நாப்பது படகு ஏன் இங்க வந்து இறக்குதுன்னு நெனச்சீங்க? உங்க சிரிப்புக்கா?"

ஆமாம். கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த ஆணியை நான் வேண்டுமென்றே அடிக்கச் சொன்னதாகத் துறைமுகமே நினைத்துக்கொண்டிருக்கிறதாம். மச்சான் படகுக்காக, அப்படியே எல்லோருக்காகவும். "வெளில வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் நாந்தான் சொல்லி வச்சேன். உங்களுக்கு ஒரு கெட்ட பேரு வந்துரக் கூடாதில்ல."

ஆக, ஆறு வருடமாக எனக்குக் கிடைத்த மரியாதை — தேநீர்க் கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி, படகுக்காரர்கள் எழுந்து நின்று "ஸ்கேல் சார்" என்பது — என் நேர்மைக்கு அல்ல. நான் செய்யாத மோசடிக்கு. அதைத் திருப்பிக் கொடுக்க என்ன வழி?

மூடினால் என்ன ஆகும் என்று மச்சான் சொன்னார். நான்கு மாதம் படகைக் கட்டினால் எட்டு வீட்டில் அடுப்பு எரியாது. தான் விட்ட மீனைப் பக்கத்துப் படகுக்காரன் பிடிப்பான். "கடல் என்ன நம்ம வீட்டு ஃப்ரிட்ஜா, வச்சிட்டு நாளைக்கு எடுத்துக்க?" அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

மனைவி இடையில் ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணா, உங்க வலைல இப்ப கண்ணு எவ்வளவு?"

அவர் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

"என் கல்யாணத்தப்ப என் கையே நுழைஞ்சுது."

"உன் கை அப்ப ஒல்லி" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. போகும்போது வாசலில் என் தோளைத் தட்டி, பலகையை அப்படியே விட்டுவிடுங்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றார். பாசமாகத்தான் சொன்னார். அதுதான் சங்கடம்.

மார்ச் 16, திங்கள்

தேநீர்க் கடையில் எழுந்து நின்றார்கள். உட்காருங்கள் உட்காருங்கள் என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

மார்ச் 19, வியாழன்

கடிதம் இன்னும் கண்ணாடி மீனுக்குக் கீழேதான் இருக்கிறது. பரிசீலனையில்.

மார்ச் 20, வெள்ளி

தூக்கம் இல்லை. சொன்னா என்ன ஆகும்? மேல இருக்கிறவங்க, தெரியாம நடந்துச்சுன்னு சொன்னா நம்புவாங்களா — மச்சான் படகு இங்கதானே இறக்குது. கீழ இருக்கிறவங்க, இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பாங்க. ரெண்டு பக்கமும் திருடன். ஒருத்தனுக்கு அப்பத் திருடன், இன்னொருத்தனுக்கு இப்பத் துரோகி. வெறும் முட்டாள்னு நம்ப ஒருத்தன்கூட இல்லையா?

சொல்லாம விட்டா? மூணு வருஷம் ஓடும். நாலு? ஆறு வருஷத்துல எட்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு. அப்புறம் பலகை மட்டும் மிஞ்சும்.

மார்ச் 22, ஞாயிறு

மச்சான் வந்தார், பலகை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவர் போன பிறகு மனைவி ஒரு சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். யாருக்கோ தோளில் பிடிக்கிறதாம். நான் எதுவும் கேட்காமலே சொன்னாள்:

"தச்ச சட்டை சின்னதாயிருச்சுன்னா பிரிச்சுத்தாங்க தைக்கணும். டேப்ப நீட்டிக் காட்டினா போடறவனுக்கு மூச்சு முட்டாதா?"

"உங்க அண்ணன் பேசமாட்டார்."

"பேசமாட்டாரு" என்றாள். ஊசியில் நூல் கோர்த்தாள். அவ்வளவுதான்.

மார்ச் 26, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தணிக்கையாளர் காலை ஐந்தரைக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதுப் பெண்மணி. சொந்தமாக ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்திருந்தார். கடன் பூட்ஸில் வருகிறவர்கள் அலுவலகத்தைத் தாண்டமாட்டார்கள். சுவரொட்டியைப் பார்த்து நல்ல படம் என்றார். மேலதிகாரி அதை ஒரு சான்றிதழாகவே எடுத்துக்கொண்டார்.

அளவு எடுப்பதைப் பார்க்க வேண்டும் என்றார் தணிக்கையாளர். மூடுபனியால் படகுகள் தாமதம். பலகை, நான், அவர், மேலதிகாரி. மீன் மட்டும் இல்லை. மேலதிகாரி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றார். தூரத்தில் முதல் படகாக மச்சானுடையது வருவது தெரிந்தது. அது கரை சேர்ந்துவிட்டால் எனக்கு வாய் வராது.

"மீன் வர இன்னும் பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் உங்க கோப்புலேர்ந்து ஒரு தாள் குடுங்க மேடம்" என்றேன்.

கொடுத்தார். மூக்கு இல்லாததால் ஓரத்தைத் தலைக்கட்டையில் முட்டவைத்தேன். அவரே குனிந்து படித்தார். நிமிர்ந்தார். தாளைத் திருப்பிப் போட்டு மறுபடி படித்தார்.

"இருபத்திரண்டரை. தாள் தப்பா, பலகை தப்பா?"

"தாள் உங்களோடது மேடம்."

மேலதிகாரி கடலைப் பார்க்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எவ்வளவு நாளாக என்று தணிக்கையாளர் கேட்டார். ஆறு வருஷம், ஏழு மாசம், பதினாலு நாள் என்றேன். பழைய நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். படித்துவிட்டு, "அது மட்டும் துல்லியமா இருக்கு" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "நல்ல வேலைக்காரர்னு வேற எழுதியிருக்கீங்க" என்றார்.

மச்சான் படகிலிருந்து இறங்கி வந்தார். பலகையில் கிடந்த தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூடைகளை வைத்துவிட்டு, படகுக்கே திரும்பிப் போனார்.

மார்ச் 29, ஞாயிறு

மூன்று தட்டு வைத்தாள். ஒன்றைத் திருப்பி எடுத்துவைத்தாள்.

ஏப்ரல் 2, வியாழன்

மெமோ வந்தது. ஆறு ஆண்டுகளாகத் தலைப்பக்கத்தைக் கவனிக்காததன் காரணம் என்ன? பார்க்கத் தோன்றவில்லை என்று எழுதினேன். வேண்டுமென்றே செய்ததா? இல்லை என்று எழுதினேன். நிரூபிக்க முடியுமா? எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது என்பதற்கு இருபத்தாறு வருடப் பணிப்பதிவேடு சாட்சி என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பழைய பலகையைச் சான்றுப்பொருளாக அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பச்சை வில்லை நிறுத்தம். சுவரொட்டி இருந்த இடத்தில் ஒரு வெளிர் செவ்வகம். புதுப் பலகை, எஃகு. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மீனிலிருந்து தலா ஒன்றரையைக் கழிக்கும் பணி என்னிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

ஏப்ரல் 6, திங்கள்

தேநீர்க் கடையில் என் நாற்காலியை யாரும் பறிக்கவில்லை. நான் போகும்போதெல்லாம் அதில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். தினம் ஒரு ஆள். முறை போட்டிருப்பார்கள் போல.

ஏப்ரல் 9, வியாழன்

மச்சான் கூடையை இறக்கும் முன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். பிரித்து, என் புதுப் பலகையில் வைத்து, குனிந்து பார்த்தார். இருபத்தொன்று. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஸ்கேல் சார் இன்னைக்கு எத்தனை ஆணி?" என்று யாரோ கேட்டார். பிறகு அவருடைய மீன்: நாற்பதில் பதினேழு இருபதுக்குக் கீழே.

ஏப்ரல் 17, வெள்ளி

இப்போது எல்லாப் படகும் ஒரு தாளோடு வருகிறது. ஒருவர் திருமண அழைப்பிதழைக் கொண்டுவந்து வைத்தார். அது எந்த அளவு என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. தோராயமாகத் திருப்தி அடைந்தார்.

மே 1, வெள்ளி

மூடியாயிற்று. ஆகஸ்ட் முடியும்வரை. நாற்பது படகில் பதினான்கு வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டன. அங்கே பலகை எப்படியோ. மற்றவை வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. துறைமுகத்தில் இவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. எனக்கு மட்டும் வேலை இருக்கிறது: கழித்தல்.

ஜூன் 10, புதன்

பகலில் ஒரு கோப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். வாசலில் மச்சானுடைய செருப்பு. உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு புதன்கிழமைக்கு மாறியிருக்கிறது. என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்கள். அவருடைய எட்டுப் பேரில் மூன்று பேர் கட்டட வேலைக்குப் போகிறார்களாம். ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார். இதை மனைவி சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. இதையும் ஏட்டில் எங்காவது எழுத வேண்டும். எந்தக் கட்டத்தில் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 1, செவ்வாய்

திறந்தது. பெரிய கண் வலைகள். 19.6. ஒரு மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. நான்கு மாதத்தில் ஏறாது, அது தெரியும். தெரிந்தாலும் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நவம்பர் 19, வியாழன்

சுற்றறிக்கை. இனி எல்லாத் துறைமுகங்களிலும் அளவெடுக்கும் முன் 'தாள் சோதனை' கட்டாயம். இந்த எளிய முறையை உருவாக்கியதற்காக எங்கள் மேலதிகாரிக்குப் பாராட்டுப் பத்திரம். விழாவில் பேசும்போது, அளவில் சமரசம் கூடாது என்றார். கைதட்டினேன்.

பத்திரம் ஏ4 அளவுதான்.

மறு ஆண்டு, ஏப்ரல் 30, வெள்ளி

இரண்டாவது முறை மூடுகிறோம். இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. பழகிவிட்டதா, சலித்துவிட்டதா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

செப்டம்பர் 2, வியாழன்

நேற்றுத் திறந்தது. இரண்டு நாளில் 230 மீன். சராசரி 19.9.

நம்பாமல் மறுபடி கூட்டினேன். 19.9. மூன்று மில்லிமீட்டர். ஓர் அரிசியின் பாதி நீளம். எதற்கும் இருக்கட்டும் என்று தாளை வைத்துப் பார்த்தேன், தாள் இருபத்தொன்றுதான்.

மச்சான் படகு கடைசியாக வந்தது. வழக்கம்போலத் தன் தாளை எடுத்தார். மடித்து மடித்து அது நான்கு துண்டாகப் போகும் நிலையில் இருக்கிறது. பலகையில் விரித்து, குனிந்து, வழக்கத்தைவிட நீண்ட நேரம் பார்த்தார். அவருடைய கூடையில் நாற்பதில் இருபதுக்குக் கீழே பதினொன்று. அதை நான் எழுதுவதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

ஒன்றரை வருடத்தில் முதல் பேச்சு. என்னிடம் அல்ல, தாளிடம்.

பிறகு அதைக் கவனமாக மடித்தபடி, "ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பீங்களா?" என்றார். அதுவும் தாளிடம்தான்.

தாளின் சார்பில், இருப்பேன் என்றேன்.